போட்டி ரோபோவுக்கு எந்த ஸ்லைடு? டர்பன் அணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் பக்கம் ரோபோ அணி நடத்தும் பிள்ளைகளும், அவர்களுக்குத் துணை நிற்கும் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகள் இவை. இவர்களில் பெரும்பாலோர் ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் என்ற பள்ளிப் பிள்ளைகளுக்கான ரோபோ போட்டிக்குத் தயாராகிறவர்கள். அந்தப் போட்டியில் ஆட்டம் தொடங்கும்போது ரோபோ 18 அங்குலப் பெட்டிக்குள், அதாவது நீளம், அகலம், உயரம் மூன்றும் 45.7 செ.மீ.க்குள், அடங்கியிருக்க வேண்டும். அதன்பின் இரண்டரை நிமிடம்தான். முதல் 30 விநாடி ரோபோ தானாக ஓடும், மிச்சம் 2 நிமிடம் பிள்ளைகள் ஓட்டுவார்கள். பெட்டிக்குள் அடங்கும் ரோபோ ஒரு மீட்டருக்கு மேல் எட்ட வேண்டி வரும்போது ஸ்லைடு, அதாவது ஒன்றுக்குள் ஒன்று அடங்கி அடுக்கடுக்காக வெளியே நீளும் சட்டம், தேவைப்படுகிறது.

எங்கள் ரோபோவுக்கு ஸ்லைடு கட்டாயம் வேண்டுமா?

அந்த ஆண்டு ஆட்டத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். 2022-23 பருவத்தின் பவர் ப்ளே ஆட்டத்தில் மிக உயரமான கம்பம் 33.5 அங்குலம். 2024-25 பருவத்தின் இன்டு த டீப் ஆட்டத்தில் மேல் கூடை 43 அங்குலம், கிட்டத்தட்ட 109 செ.மீ. அந்த இரண்டு ஆண்டும் நல்ல ஸ்லைடு வைத்திருந்த அணிகளுக்குப் பெரிய பலம். 2025-26 பருவத்தின் டீகோட் ஆட்டமோ பந்து எறிகிற ஆட்டம். அதில் பணத்தையும் நேரத்தையும் எறியும் சக்கரத்தில் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

ஆட்டம் என்னவென்று செப்டம்பரில்தான் வெளியாகும். அதற்கு முன்னால் விலை உயர்ந்த ஸ்லைடு கிட் எதையும் ஆர்டர் செய்யாதீர்கள். பழகிப் பார்க்க ஒரு சோடி மலிவான ஸ்லைடு இருந்தால் போதும். எட்ட வேண்டிய உயரம் 60 செ.மீ.தான் என்றால் ஒரு மூட்டு வைத்த கை போதுமா என்றும் யோசியுங்கள். கையில் கெட்டுப்போகும் பாகங்கள் குறைவு.

எத்தனை அடுக்கு வைப்பது?

ஒரு காகிதத்தில் ரோபோவைப் பக்கவாட்டில் வரையுங்கள். பெட்டி உயரம் 45 செ.மீ. அடியில் சட்டத்துக்கும் மேலே கொஞ்சம் இடைவெளிக்கும் விட்டால் ஸ்லைடு நீளம் 38 செ.மீ. வரும். அந்த 38ஐயும் வெளியே இழுத்துவிட முடியாது. குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது முந்தைய அடுக்குக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆடும். ஆக ஓர் அடுக்குக்கு 25 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 110 செ.மீ. எட்ட வேண்டும், மூடிய நிலையில் தலைப்பு, அதாவது கடைசி அடுக்கின் நுனி, 43 செ.மீ.யில் இருக்கிறது என்றால் இன்னும் 67 செ.மீ. தேவை. மூன்று அடுக்கு 75 செ.மீ. தரும். போதும்.

நான்காவது அடுக்கு "இருக்கட்டுமே" என்று சேர்ப்பவர்கள் உண்டு. ஒவ்வோர் அடுக்கும் எடையையும் தள்ளாட்டத்தையும் கூட்டுகிறது, கயிறு அறுபட இன்னோர் இடத்தையும் தருகிறது. கடைசியில் ஒரு சின்னக் கை வைத்தால் அதே உயரம் கிடைக்குமானால் கையையே வையுங்கள்.

என்னென்ன வகை இருக்கின்றன? எதை வாங்கலாம்?

முதலில் பேரிங் குண்டுகள் ஓடும் ஸ்லைடு. வீட்டு டிராயரில் இருப்பதும், மிசுமி நிறுவனத்தின் எஸ்ஏஆர் வகை மெல்லிய ஸ்லைடும், கோபில்டா நிறுவனத்தின் வைப்பர் ஸ்லைடும் இந்தக் குடும்பம்தான். வழவழவென்று ஓடும், விறைப்பாக நிற்கும். அடுத்தது அலுமினியச் சட்டத்தின் பள்ளத்தில் பிளாஸ்டிக் துண்டு வழுக்கி ஓடும் வகை. ரெவ் நிறுவனத்தின் 15 மி.மீ. சட்டமும் டெல்ரின் துண்டுகளும் இப்படித்தான். உராய்வு கொஞ்சம் கூடுதல், ஆனால் சட்டத்தை வேண்டிய நீளத்துக்கு ரம்பத்தால் அறுத்துக்கொள்ளலாம், தூசிக்கும் அவ்வளவாக அஞ்ச வேண்டாம். மூன்றாவது, 3டி பிரின்டரில் இருக்கும் எம்ஜிஎன்12 தண்டவாளம். துல்லியம் அபாரம். ஆனால் எஃகு என்பதால் கனம், அதன் வண்டி குட்டையானது, தண்டவாளத்தை விட்டு வண்டி நழுவினால் குண்டுகள் தரையெல்லாம் சிதறும். ஒன்றுக்குள் ஒன்று போகும் உயரமான தூக்கிக்கு (மேல்நோக்கி ஏறும் ஸ்லைடு அமைப்புக்கு) இதை நான் பரிந்துரைப்பதில்லை.

இதில் எது சிறந்தது என்று இணையத்தில் நாள் கணக்கில் வாதம் நடக்கிறது. நம் ஊர் அணிகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: போட்டிக்கு முந்தைய சனிக்கிழமை உடைந்தால், அன்று மாலைக்குள் நீங்களே சரிசெய்யக்கூடியது எதுவோ அதை எடுங்கள். அமெரிக்காவில் உள்ள அணிக்கு உதிரிபாகம் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். நமக்கு அது கப்பலிலோ விமானத்திலோ வந்து, சுங்கத்தில் நின்று, 15 சதவீத வாட் வரியும் கட்டிய பிறகுதான் கைக்கு வரும். வெளிநாட்டு கிட் வாங்குவதில் தவறில்லை. ஆனால் வாங்கும்போதே ஓர் அடுக்கு கூடுதலாக வாங்க முடியவில்லை என்றால், அந்த கிட் உங்கள் அணிக்கு ஏற்றதல்ல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் தாத்தா கிச்சன் கபோர்டு செய்கிற தச்சர். "டிராயர் ரன்னரே போதுமே, ஐயா" என்கிறார். போதுமா?

தாத்தா சொல்வது சரி. தமிழ்நாட்டில் டிராயர் சேனல் என்று விற்பதும் இதுதான். முதல் ஆண்டு அணிக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், உடைந்தால் அதே அளவில் இன்னொன்று வாங்கலாம், அதோடு வீட்டிலேயே அதை மாட்டத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். தாத்தாவைப் பட்டறைக்கு அழைத்து வாருங்கள். இரண்டு ரன்னரை ஒன்றுக்கொன்று இணையாக மாட்டுவதில் அவருக்கு இருக்கும் கை, நம் பிள்ளைகள் யாருக்கும் இன்னும் வரவில்லை.

சில விஷயங்களை மட்டும் கவனியுங்கள். மெதுவாக மூடும் ‘சாஃப்ட் குளோஸ்’ வகை வேண்டாம். அதில் உள்ள ஸ்பிரிங் மோட்டாரோடு மல்லுக்கட்டும். முழுதாக நீளும் மூன்று பட்டை வகையாகப் பாருங்கள். மூடிய நிலையில் ரன்னரைப் பிடித்து நிறுத்த உள்ளே ஒரு சின்ன ரப்பர் அல்லது பிளாஸ்டிக் மேடு இருக்கும். அதைக் கத்தியால் சீவி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் மோட்டார் அதைத் தாண்டத் திணறும்.

உள்பட்டையில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் நெம்பி இருக்கும். டிராயரைக் கழற்றி எடுப்பதற்காக வைத்தது. ஆட்டத்தின் நடுவில் இன்னொரு ரோபோ இடித்து அந்த நெம்பி அழுந்தினால் உங்கள் தூக்கி முழுதாகக் கழன்று கையோடு வந்துவிடும். அந்த இடத்தில் துளை போட்டு ஒரு எம்3 போல்ட்டால் பூட்டுங்கள். டேப் சுற்றுவது தற்காலிகம்தான்.

இன்னொன்று, ரன்னரின் பட்டை செங்குத்தாக, டிராயரின் பக்கவாட்டில் இருப்பதுபோல நிற்க வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் எடைத் தாங்குதிறன் அந்த நிலைக்குத்தான், அதுவும் ஒரு சோடிக்கு. படுக்கையாக மாட்டினால் அதில் கால்வாசிதான் தாங்கும் என்று கணக்குப் போடுங்கள்.

குறை என்னவென்றால் எடை. எல்லாம் எஃகு. மூன்று அடுக்குக்கு மேல் இதை வைத்துப் போகாதீர்கள்.

கயிறு கட்டுவதில் கேஸ்கேட், கன்டினியூவஸ் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

கன்டினியூவஸ் முறையில் ஒரே கயிறு எல்லா அடுக்கின் கப்பிகளிலும் ஏறி இறங்கிக் கடைசி அடுக்கில் போய் முடியும். மோட்டார் சுற்றும் கயிற்றின் நீளமும் தலைப்பு ஏறும் உயரமும் ஒன்று. 75 செ.மீ. ஏற 75 செ.மீ. கயிறு சுற்ற வேண்டும். பழைய ரேடியோவின் ஏரியலை இழுப்பது போல, எந்த அடுக்கில் உராய்வு குறைவோ அது முதலில் ஏறும். கட்டுவது சுலபம், அறுந்தால் மாற்றுவதும் சுலபம். கீழே இறக்க, கடைசி அடுக்கிலிருந்து நேராக ஸ்பூலுக்கு (மோட்டார் கயிற்றைச் சுற்றும் உருளைக்கு) எதிர்த்திசையில் சுற்றிய இன்னொரு கயிறு போதும். இரண்டும் ஒரே நீளம் நகர்வதால் ஒரே அளவு ஸ்பூல் போடலாம்.

கேஸ்கேட் முறையில் மோட்டார் முதல் அடுக்கை மட்டும் தூக்கும். முதல் அடுக்கு ஏறுவதே இரண்டாவதை இழுக்கும், இரண்டாவது மூன்றாவதை இழுக்கும். எல்லா அடுக்கும் ஒரே நேரத்தில் ஏறும். 25 செ.மீ. கயிறு சுற்றினால் தலைப்பு 75 செ.மீ. ஏறிவிடும். பார்க்க அழகு. ஆனால் முதல் கயிற்றில் இழுவிசை மூன்று மடங்கு, ஒவ்வோர் அடுக்குக்கும் ஏற ஒன்றும் இறங்க ஒன்றுமாகத் தனித்தனிக் கயிறு, ஒவ்வொன்றையும் தனித்தனியாக விறைக்க வேண்டும்.

மோட்டார் செய்யும் வேலை இரண்டிலும் ஒன்றுதான்; ஒன்றில் விசை குறைவு, நீளம் அதிகம், மற்றதில் நேர்மாறு. புதிய அணி கன்டினியூவஸில் தொடங்கட்டும். இரண்டு ரோபோ கட்டிப் பழகியபின் கேஸ்கேட்டுக்குப் போங்கள். அடுக்குகள் எந்த நேரத்தில் எங்கே இருக்கின்றன என்று தெரிந்தாக வேண்டிய வேலை, உதாரணமாக நடு அடுக்கில் ஏதாவது பொருத்துவது, இருந்தால் மட்டும் கேஸ்கேட் கட்டாயம்.

எந்த மோட்டார், எவ்வளவு பெரிய ஸ்பூல்?

மூன்று அடுக்குக் கேஸ்கேட், ஓர் அடுக்கு 200 கிராம், தலைப்பில் உள்ள பிடியும் பொருளும் சேர்ந்து 800 கிராம் என்று வைப்போம். முதல் அடுக்கு ஒரு பங்கு நகரும்போது இரண்டாவது இரண்டு பங்கும் மூன்றாவது மூன்று பங்கும் நகர்கிறது. ஆகவே கயிற்றின் இழுவிசை 0.2 × 1, 0.2 × 2, 0.2 × 3, அதோடு 0.8 × 3. கூட்டினால் 3.6 கிலோ. உராய்வுக்கு 30 சதவீதம் சேர்த்தால் சுமார் 4.7 கிலோ.

38 மி.மீ. விட்டமுள்ள ஸ்பூலின் ஆரம் 1.9 செ.மீ. முறுக்குவிசை 4.7 × 1.9, ஏறக்குறைய 9 கிலோ-செ.மீ. கோபில்டாவின் 312 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 312 சுற்று) மோட்டார், சுமை தாங்காமல் நின்றுபோகும் முறுக்குவிசை 24.3 கிலோ-செ.மீ. நமக்குத் தேவை அதில் 37 சதவீதம். சுமை இல்லாத வேகத்தில் மீதி 63 சதவீதம் கிடைக்கும். நிமிடத்துக்கு 197 சுற்று, அதாவது விநாடிக்குக் கயிறு 39 செ.மீ., தலைப்பு 117 செ.மீ. 75 செ.மீ. ஏற முக்கால் விநாடிக்குள் என்று கணக்கு சொல்லும். வேகமெடுக்கும் நேரமும் பேட்டரி தளர்வதும் சேர்ந்தால் ஒரு விநாடி ஆகும். போட்டிக்கு அது தாராளம்.

தேவையான முறுக்குவிசை 40 சதவீதத்தைத் தாண்டினால் ஸ்பூலைச் சிறிதாக்குங்கள், அல்லது இரண்டு மோட்டார் போடுங்கள். அந்த மோட்டார் நின்றுபோனால் 9.2 ஆம்பியர் இழுக்கும். இரண்டு மோட்டார் திணறினால் 18.4. பேட்டரியில் இருப்பது 20 ஆம்பியர் ஃபியூஸ், சக்கர மோட்டார்களும் அதையேதான் நம்பி இருக்கின்றன. ஆட்டத்தின் நடுவில் ரோபோ செத்துப்போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

என்ன கயிறு? எங்கே கிடைக்கும்?

இதில் டர்பன்காரர்களுக்கு அதிர்ஷ்டம். கடற்கரை ஊர், மீன்பிடி சாமான் கடைக்குப் பஞ்சமில்லை. பின்னிய தூண்டில் நூல், பிரெய்டு என்று கேளுங்கள், 100 பவுண்டுக்கு மேல் தாங்குவதாக. ஒற்றை இழை நைலான் வேண்டாம். அது நீளும், நீண்டால் ஒவ்வோர் ஆட்டத்திலும் உங்கள் உயரம் மாறும்.

பிரெய்டு வழுக்கும் நூல், சாதாரண முடிச்சு அவிழ்ந்துவிடும். கொக்கி கட்ட மீனவர்கள் போடும் பாலோமர் முடிச்சு நன்றாக நிற்கும். தெரியாவிட்டால் கடைக்காரரிடமோ துறைமுகத்துப் பாறையில் தூண்டில் போடும் மாமாக்களிடமோ கேளுங்கள். நம் ஆட்களில் தலைமுறை தலைமுறையாக மீன் பிடிக்கிறவர்கள் எத்தனையோ பேர், சந்தோஷமாகக் கற்றுக்கொடுப்பார்கள். முடிச்சை இறுக்கும் முன் நனைத்து இறுக்குங்கள், வால் ஒரு செ.மீ. விடுங்கள்.

நூல் எங்கேயாவது கூரான விளிம்பில் உரசுகிறதா என்று விரல் வைத்துத் தடவிப் பாருங்கள். அலுமினிய விளிம்பு நூலை அறுக்கும். பிளாஸ்டிக் விளிம்பாக இருந்தால் நூல்தான் அதை அறுத்துக்கொண்டு உள்ளே போகும். திரும்பும் இடம் ஒவ்வொன்றிலும் பேரிங் வைத்த கப்பி இருக்க வேண்டும்.

ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் சிக்கிக்கொள்கிறது. ஸ்லைடு மட்டமா?

அநேகமாக இல்லை. ஸ்லைடை மாற்றுவதற்கு முன் மூன்று சோதனை செய்யுங்கள். கயிற்றைக் கழற்றிவிட்டுக் கையால் தூக்கிப் பாருங்கள். அப்போதும் சிக்கினால் இரண்டு பக்கமும் இணையாக இல்லை. அடியிலும் உச்சியிலும் இடையகலத்தை அளந்து பாருங்கள்; ஒரு மி.மீ. வித்தியாசம்கூடப் போதும், சிக்கும். போல்ட்டுகளைத் தளர்த்தி, தூக்கியை ஏற்றி இறக்கித் தானாக அமரவிட்டு, அப்புறம் முடுக்குங்கள்.

கையால் ஓடுகிறது, மோட்டாரால் சிக்குகிறது என்றால் இடது வலது கயிறுகளின் விறைப்பு ஒன்றல்ல. இரண்டு ஸ்பூலையும் ஒரே தண்டில் கோத்து, விறைப்பு சரிசெய்ய ஒவ்வொரு கயிற்றின் முனையிலும் ஒரு போல்ட் வையுங்கள். இரண்டு பக்கத்தையும் ஒவ்வோர் அடுக்கிலும் குறுக்குச் சட்டத்தால் இணைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

மூன்றாவது காரணம் வடிவத்திலேயே இருக்கும். இழுக்கும் கயிறு ஸ்லைடிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அந்தத் தூரம் அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்று இருக்கும் நீளத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகக் கூடாது. பிளாஸ்டிக் துண்டு வழுக்கும் வகையில் இது கறாரான விதி. அதைத் தாண்டினால் எவ்வளவு பெரிய மோட்டார் போட்டாலும் நகராது. இழுக்க இழுக்க உராய்வும் சேர்ந்து ஏறும்.

முன்பக்கம் படுக்கையாக நீளும் ஸ்லைடுக்கும் இதே விதிதானா?

இங்கே எதிரி தொங்கல். ஓர் இணைப்பில் 10 செ.மீ. உள்ளிருக்கும் நீளத்துக்கு ஒரு மி.மீ. தளர்வு என்று வையுங்கள். முதல் அடுக்கு நூற்றில் ஒரு பங்கு சாயும், இரண்டாவது அதன்மேல் இன்னொரு பங்கு, மூன்றாவது இன்னொன்று. ஒவ்வொன்றும் 25 செ.மீ. என்றால் நுனி ஒன்றரை செ.மீ. இறங்கிவிடும், எடை வளைப்பது தனி. அதனால் படுக்கைக்கு இரண்டு அடுக்கோடு நிறுத்துங்கள், எடை தூக்கும் மோட்டார்களை நுனியில் வைக்காதீர்கள். இழுவிசை இங்கே குறைவு என்பதால் பல்சட்டமும் பல்சக்கரமும், அல்லது பெல்ட்டும் நன்றாக வேலை செய்யும். கயிறு கட்டும் தொல்லை இல்லை.

எவ்வளவு நீளலாம் என்பதற்கும் விதி இருக்கும். இன்டு த டீப்பில் மேலிருந்து பார்த்தால் ரோபோ 20 × 42 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். விதிப் புத்தகத்தை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் படியுங்கள்.

திருகுதண்டு வைத்தால் கயிறே வேண்டாமே?

வேகத்தைக் கணக்குப் போடுங்கள். ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகரும் டி8 தண்டை 312 ஆர்பிஎம் மோட்டாரால் சுற்றினால் விநாடிக்கு 4 செ.மீ. சொச்சம். 60 செ.மீ. ஏற 14 விநாடி. தூக்கிக்கு ஆகாது. ஆட்டத்தின் கடைசியில் ரோபோ கம்பியில் தொங்க வேண்டும் என்றால் நல்ல தேர்வு, அதுவும் சுற்றுக்கு 2 மி.மீ. நகரும் வகை. மின்சாரம் நின்றபின்னும் அது பின்னோக்கிச் சுற்றாமல் ரோபோவைப் பிடித்துக்கொள்ளும்.

கப்பி, பிடிமானமெல்லாம் 3டி பிரின்டில் செய்யலாமா?

செய்யலாம். வழக்கமாக அச்சடிக்கும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில் இளகும். ஜனவரி வெயிலில் பூட்டிய காருக்குள் ரோபோவை விட்டால் கயிறு விறைத்திருக்கும் கப்பிகள் கோணிக்கொள்ளும். பெட்ஜி என்ற பிளாஸ்டிக் அதைவிடத் தாங்கும். அச்சடித்த அடுக்குகளின் வரி இழுவிசைக்குக் குறுக்கே வராதபடி படுக்க வைத்து அடியுங்கள்.

ஏறிய தூக்கி தானாக இறங்குகிறது. புரோகிராமில் சரிசெய்யலாமா?

மோட்டாரை பிரேக் நிலையில் வையுங்கள், அதுவே பாதி குணம். மீதிக்கு, எடையைத் தாங்கும் அளவு சிறு மின்சாரம் எப்போதும் கொடுங்கள். அந்த அளவைக் கண்டுபிடிக்க, தூக்கியைப் பாதி உயரத்தில் வைத்து, அது ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் வரை எண்ணைக் கூட்டிக்கொண்டே போங்கள். பிஐடியை, அதாவது பிழையைப் பார்த்து மோட்டாரைத் தானாகத் திருத்தும் கணக்கை, அதற்குப் பிறகு தொடுங்கள்.

அடியில் ஒரு லிமிட் சுவிட்ச் (தூக்கி வந்து தொட்டதும் சொல்லும் சுவிட்ச்) அவசியம். ஒவ்வொரு முறையும் தூக்கி அடியைத் தொடும்போது மோட்டாரின் சுற்றை எண்ணும் என்கோடரைச் சுழியமாக்கலாம். நூல் ஸ்பூலில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சுற்றினாலும் பிழை சேராது. உச்சிக்கு ஒரு செ.மீ. முன்னாலேயே நிற்கும்படி எல்லை போடுங்கள். எடையைச் சமன் செய்ய ரப்பர் குழாயும் உதவும். ஈட்டி வைத்து மீன் பிடிக்கிறவர்களின் கடையில் நல்ல ரப்பர் கிடைக்கும்.

கடற்காற்றில் துரு பிடிக்கிறது. என்ன பூசலாம்?

பேரிங் ஸ்லைடைத் துணியால் துடைத்து, லேசான மெஷின் எண்ணெய் ஓரிரு சொட்டு விட்டு, ஓட்டிவிட்டு மறுபடி துடையுங்கள். கிரீஸை அப்பினால் களத்து ஸ்பாஞ்சுத் துகளெல்லாம் ஒட்டும். டெல்ரின் துண்டுகளுக்கு எதுவும் வேண்டாம். பள்ளிப் பட்டறை கடலுக்குப் பக்கம் என்றால் விடுமுறைக்குப் போகும் முன் ரோபோவை மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்துவிட்டுப் போங்கள்.

ஜோகன்னஸ்பர்க் வரை போட்டிக்குப் போகிறோம். ஸ்லைடுக்கு என்ன எடுத்துப் போவது?

என்3 சாலையில் 500 கிலோமீட்டருக்கு மேல் அதிர்ந்துகொண்டே போகப் போகிறது, அதனால் போல்ட்டுகளுக்கு நைலான் நட் போட்டு, தூக்கியை மூடிய நிலையில் பட்டையால் கட்டுங்கள். எடுத்துப் போக வேண்டியது: ஒரு முழு அடுக்கு, இரண்டு கப்பி, ஒரு ஸ்பூல், ஒரு மோட்டார், கத்தரி, லைட்டர். கயிறுகளைச் சுருளாக எடுத்துப் போகாமல், சரியான நீளத்துக்கு வெட்டி, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு, "இடது ஏற்றம்", "வலது இறக்கம்" என்று சீட்டு ஒட்டிய தனித்தனிப் பைகளில் வையுங்கள். இரண்டு ஆட்டத்துக்கு நடுவே சில நிமிடம்தான் கிடைக்கும். கயிறு மாற்றும் வேலையை அணியில் குறைந்தது இரண்டு பிள்ளைகள், கைபேசியில் படம் பார்க்காமல் செய்யப் பழகியிருக்க வேண்டும். புறப்படும் முன் வீட்டிலேயே ஒரு கயிற்றை வேண்டுமென்றே வெட்டிவிட்டு, கடிகாரம் வைத்து மாற்றச் சொல்லுங்கள்.